பெரியக்கா பனிமலைக்குத் துணி எடுத்த கதை

ஆஸ்பத்திரி வாசல் காவலாளியிடம் ஒரு பழைய கோட்டு இருந்தது. குளிர்காலத்தில் சாயங்கால வேலைக்கு வந்ததும் அதைச் சலவைக்கூடத்து நடையில் ஓர் ஆணியில் மாட்டிவிட்டு டீ குடிக்கப் போவார். அவர் தலை மறைந்ததும் பெரியக்கா அந்தக் கோட்டை லபக்கென்று எடுத்து, உலர்த்தும் மிஷினில் போர்வைகளோடு போட்டுச் சுற்றவிடுவாள். மனிதர் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வரும்போது கோட்டு ஒன்றும் தெரியாததுபோல் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும்.

"இது சாதாரணக் கோட்டு இல்லம்மா," என்பார் அவர், கையை உள்ளே நுழைத்தபடி. "போட்டதுமே உள்ளேருந்து சூடு கிளம்பும். இப்பல்லாம் எவன் இப்படித் தைக்கிறான்?"

மேசையில் துணி மடித்துக்கொண்டிருக்கும் சின்னவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். பெரியக்கா அவள் இடுப்பில் ஒரு கிள்ளு வைப்பாள். அவர் போன பிறகு, "சொன்னா என்னக்கா?" என்று சின்னவள் கேட்டதற்கு அக்கா சொன்ன பதில் இது: "சொன்னா அவர் எனக்கு நன்றி சொல்லணும், நான் பரவாயில்லைன்னு சொல்லணும். எதுக்கு ரெண்டு பேருக்கும் வேலை? கோட்டு நல்ல கோட்டாவே இருந்துட்டுப் போகட்டும்."

அவள் அப்படித்தான். உருவம் பெரியது, குரல் பெரியது, கை பெரியது. ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் பெரியக்கா. கூடப் பிறந்தவளுக்கும் பெரியக்காதான். சின்னவளோ ஒல்லி. அக்காவின் தோளுக்குக் கீழே நிற்பாள். இருவரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரே சலவைக்கூடத்தில் வேலை பார்த்தார்கள். பெரியவள் துவைக்கும் மிஷின்களின் பக்கம், சின்னவள் மடிக்கும் மேசையின் பக்கம்.

சலவைக்கூடம் என்றால் சும்மா இல்லை. ஆஸ்பத்திரித் துணியில் என்னென்ன இருக்குமோ கடவுளுக்குத்தான் தெரியும். ஆகவே எல்லாவற்றையும் கொதிக்கக் கொதிக்கத்தான் துவைக்க வேண்டும். வெளியே குழாய்த் தண்ணீர் உறைந்து கிடக்கும். உள்ளே சுவரில் நீர் வழியும். சுவரின் உச்சியில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல். பெரியக்கா ஒரு பெட்டியின் மேல் ஏறி, அந்த ஜன்னலில் படிந்த ஆவியை உள்ளங்கையால் துடைத்துவிட்டுப் பார்ப்பாள். ஊருக்குப் பின்னால் மலை தெரியும். குளிர்காலத்தில் அது முழுக்க வெள்ளையாக இருக்கும்.

"நாள் பூரா வெந்துக்கிட்டே இருக்கேன்டி," என்பாள் இறங்கியபடி. "ஒரு நாளாவது அங்க போய் ஆறணும்."

சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிற ஆளா? போன வருஷமே போனாள். ஊரில் ஒரு நடைக்குழு உண்டு. பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார்தான் அதற்குத் தலைவர். பனிக்காலத்தில் ஒரே ஒரு முறை மலை உச்சிக்கு அழைத்துப் போவார். இரண்டிரண்டு பேராகத்தான் ஏற வேண்டும் என்பது அவர் விதி. ஜோடியில் ஒருவருக்கு முகம் வெளிறினாலோ விரல் மரத்துப் போனாலோ மற்றவர் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒருவர் திரும்பினால் மற்றவரும் கூடவே திரும்ப வேண்டும். பெரியக்காவுக்கு ஜோடி, தெருமுனை ரொட்டிக்கடை அம்மா.

அன்றைக்குப் பெரியக்கா என்ன போட்டுக்கொண்டாள் தெரியுமா? மூன்று பருத்திப் பனியன், இரண்டு ஸ்வெட்டர், அதற்கு மேல் ஒரு தடித்த கோட்டு. நடமாடும் மூட்டைபோல இருந்தாள். பாதி வழி வரைக்கும் ஒரே ஜம்பம். "குளிரா? எனக்கா? வேர்க்குது பாருங்க!" வேர்வை அத்தனையையும் பனியன்கள் குடித்தன. பாதி வழியில் இருக்கும் தகரக் கொட்டகையில் டீ குடிக்க உட்கார்ந்தார்கள். நடை நின்றதும் காற்று வந்தது. ஈரப் பனியன் முதுகில் பனிக்கட்டியைக் கட்டியதுபோல ஒட்டிக்கொண்டது. பல் தந்தியடித்தது. டீ டம்ளரைக் கை பிடிக்க மறுத்தது. வாத்தியார் வந்து அவள் பிடரியில் காலருக்குள் புறங்கையை வைத்துப் பார்த்தார். எல்லாரையும் அந்தக் கொட்டகையில் அப்படித்தான் பார்ப்பார்.

"அம்மா, நீங்க இறங்கிடுங்க," என்றார்.

ரொட்டிக்கடை அம்மாவும் சேர்ந்து இறங்க வேண்டியதாயிற்று. வீட்டுக்கு வந்து பெரியக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் உடம்பு சரியில்லை என்று அர்த்தம். சின்னவள் பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. மனசுதான் சரியில்லை.

இந்த வருஷம் விஷயம் இன்னும் இறுகிப்போயிற்று. பெரியக்காவின் மகள் தூரத்தில் ஒரு வெயில் ஊரில் குடித்தனம் நடத்துகிறாள். அவளுக்கு இரண்டாவது பிள்ளை பிறக்கப் போகிறது. அம்மா வந்து கூடவே இருந்துவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். பெரியக்காவுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெறும் காலம் வந்துவிட்டது. குளிர்காலம் முடிந்ததும் கிளம்புவதாக முடிவாயிற்று.

"அந்த ஊர்ல குளிர்காலம்னா ஃபேனை ஒரு நம்பர் கம்மியா வைப்பாங்களாம், அவ்வளவுதான்," என்றாள் பெரியக்கா. "அங்க போயிட்டா நான் பனியை எங்க பாப்பேன்? இந்தத் தடவை விட்டா விட்டதுதான்டி."

ஆகவே சம்பளம் வந்த கையோடு சின்னவளை இழுத்துக்கொண்டு மலையேறுகிறவர்களுக்குச் சாமான் விற்கும் கடைக்குப் போனாள்.

கடையில் நுழைந்ததும் பெரியக்காவின் கண் பளபளத்தது. சுவர் முழுக்கக் கயிறும் கொக்கியும் பையும் தொங்கின. ஒரு மூலையில் குளிருக்கு உள்ளே போடும் தெர்மல் துணிகள் அடுக்கடுக்காக இருந்தன. அவள் நேரே அங்கே போய், ஒவ்வொன்றையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தாள். மோந்து பார்த்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். எத்தனை துணி பார்த்த கை! கடைசியில் ஒரு தடிமனான ஜோடியை உருவி எடுத்தாள்.

"இதான். கரடித் தோல் மாதிரி இருக்கு."

கடைக்காரப் பெண் வந்தாள். "எதுக்கும்மா, நடக்கவா நிக்கவா?"

"என்னது?"

"மலை ஏறப் போறீங்களா, இல்ல ஒரே இடத்துல உக்காந்து மீன் பிடிக்கப் போறீங்களா?"

"மீனா? நான் ஏறப் போறேன்மா, உச்சிக்கு!"

"அப்போ இது ஆகாது. தடிமன் எல்லாம் அசையாம உக்காந்திருக்கறவங்களுக்கு. ஏறும்போது உடம்பே அடுப்பு மாதிரி எரியும். இதைப் போட்டா வேர்த்து ஊத்திடும். வேர்வைதான் எதிரி. உள்ளே இருக்கற துணி சூட்டைக் குடுக்கறதைவிட வேர்வையைத் தோல்லேருந்து எடுத்து வெளியே தள்ளணும். சூட்டுக்கு மேல ஸ்வெட்டர் இருக்கு, காத்துக்கு அதுக்கு மேல கோட்டு இருக்கு."

பெரியக்கா சின்னவளைப் பார்த்தாள். சின்னவள் பெரியக்காவைப் பார்த்தாள். போன வருஷத்து மூன்று பனியன்களும் இருவர் கண்ணிலும் வந்து போயின.

"அப்போ பருத்தி?" என்றாள் பெரியக்கா, தெரிந்தும் தெரியாததுபோல.

"பருத்தி மலைக்கு வேண்டவே வேண்டாம். குடிச்ச தண்ணிய விடாது."

"அதான் பாத்தேனே," என்று பெரியக்கா முணுமுணுத்தாள்.

பெண் இரண்டு மெல்லிய துணிகளை எடுத்து விரித்தாள். ஒன்று மெரினோ என்கிற ஒரு ஜாதி செம்மறி ஆட்டுக் கம்பளி. மெல்லிசாக இருந்தாலும் கதகதப்பு. கொஞ்சம் ஈரமானாலும் கதகதப்பு போகாது. நாள் முழுக்கப் போட்டாலும் நாறாது. ஆனால் காய நேரமாகும், விலையும் கூடுதல். இன்னொன்று பாலியெஸ்டர். நொடியில் காயும், முரட்டுத்தனமாகப் போட்டு அடிக்கலாம், விலை குறைவு. ஆனால் ஒரு நாள் போட்டாலே வாடை வந்துவிடும்.

"எனக்கென்னவோ சீக்கிரம் காயறது நல்லதுன்னு தோணுது," என்றாள் சின்னவள்.

"கொட்டகையில பத்துப் பேரோட நெருக்கி உக்காரணும். நான் கையைத் தூக்கினா பத்துப் பேரும் எழுந்து ஓடணுமா?" என்றாள் பெரியக்கா. "ஆட்டைக் குடும்மா எனக்கு."

அளவில் ஒரு சண்டை நடந்தது. பெரியக்கா எப்போதும் ஒரு அளவு பெரியதாகத்தான் எடுப்பாள்.

"வளர்றதுக்குக் கொஞ்சம் இடம் விடணும்டி."

"இனிமே எந்தப் பக்கம்கா வளரப் போறே?"

கடைக்காரப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, தோலைத் தொட்டுக்கொண்டு இருந்தால்தான் வேர்வையை இழுக்கும், லொடலொடவென்று இருந்தால் உள்ளே குளிர்காற்று குடித்தனம் வந்துவிடும் என்றாள். சரி என்று பெரியக்கா திரைக்குப் பின்னால் போனாள். கொஞ்ச நேரம் புஸ்ஸு புஸ்ஸென்று சத்தம் வந்தது.

"அடியே, உள்ள வா! பற்பசையைப் பிதுக்கின மாதிரி இருக்கு என்னை!"

சின்னவள் எட்டிப் பார்த்தாள். இறுக்கம்தான், ஆனால் மூச்சு முட்டவில்லை. "கையைத் தூக்கு," என்றாள். தூக்கினாள், வயிறு தெரியவில்லை. "குனி." குனிந்தாள், முதுகு மூடியே இருந்தது. அப்புறம் சொல்லாமலேயே பெரியக்கா அரைக் குத்துக்காலில் நின்று, மிஷினிலிருந்து ஈர விரிப்பை இழுக்கிறதுபோல இரண்டு கையாலும் வெறும் காற்றை இழுத்துப் பார்த்தாள். அக்குளில் பிடிக்கவில்லை. தோளில் தையல் உறுத்தவில்லை; பை மாட்டும் இடத்தில் தையலே இல்லாமல் தள்ளித் தைத்திருந்தான் புண்ணியவான். கழுத்தில் ஒரு சின்ன ஜிப். வேர்க்கிற மாதிரி இருந்தால் திறந்துவிடலாம்.

கண்ணாடியில் தன்னைப் பார்த்துப் பெரியக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். "யாராவது பாத்தா என்ன சொல்வாங்க?"

"மலையேறப் போறாங்கன்னு சொல்வாங்க."

அந்த வார்த்தையில் அவள் முகம் விளக்கைத் தூண்டிவிட்டதுபோல ஆயிற்று. காற்சட்டையும் சேர்த்து வாங்கிக்கொண்டு, பையை மார்போடு அணைத்தபடியே பஸ்ஸில் வந்தாள்.

வீட்டுக்கு வந்து மறுபடி போட்டுப் பார்த்தாள். பிடரியில் என்னவோ குத்திற்று. சட்டைக்குள் தைத்திருந்த சின்னத் துண்டு. கத்திரியை எடுத்து நறுக்கென்று அதை வெட்டி எறிந்தாள். அதில் என்ன எழுதியிருந்தது என்று யாரும் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அடிவாரத்தில் ஒத்திகை நடை. பெரியக்கா திரும்பி வந்தபோது கன்னம் இரண்டும் சிவந்து, வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தாள். "வேர்த்துச்சுடி! ஆனா ஈரமே தெரியலை! நின்னேன், குளிரலை! வாத்தியார் பிடரியைத் தொட்டுப் பாத்துட்டு 'சபாஷ்'ங்கறார்!" சின்னவளின் கணவர் பஸ் ஓட்டுகிறவர். சாப்பிட்டுக்கொண்டிருந்தவரை எழுப்பி நிறுத்தி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "அண்ணி, விடுங்க, கை கழண்டுடும்," என்று அவர் கெஞ்சினார்.

மறுநாள்தான் அந்தக் கூத்து நடந்தது.

கடைசிச் சுற்றில் ஊழியர்கள் தங்கள் துணியையும் மிஷினில் போட்டுக்கொள்ளலாம். பெரியக்கா தெர்மலைப் பையிலிருந்து எடுத்தாள். சின்னவளிடம் உச்சியைப் பற்றிப் பேசிக்கொண்டே கதவைத் திறந்தாள், உள்ளே எறிந்தாள், மூடினாள், கைப்பிடியைத் திருப்பினாள். இத்தனை வருஷப் பழக்கத்தில் கை தானாகக் கொதிநீருக்குத்தான் போயிற்று. சலவைக்காரிக்குத் துணி என்றால் கொதிக்க வேண்டும்; கொதிக்காத துணி அவளுக்குத் துவைத்த துணியே இல்லை. அதற்கு மேல் உலர்த்தும் மிஷின் வேறு.

கதவைத் திறந்து எடுத்தபோது முதலில் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "குழந்தைங்க வார்டுத் துணி எப்படி இதுல வந்துச்சு?" என்றாள்.

பிறகு ஜிப்பைப் பார்த்தாள்.

சின்னவளுக்கு அக்கா முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. அந்தப் பெரிய கைகள் சட்டையை இப்படி இழுத்தன, அப்படி இழுத்தன. அது அசைந்து கொடுக்கவில்லை. இழை இழையோடு பின்னிக்கொண்டு, தடித்து, சுருங்கி, யாரோ பொம்மைக்குத் தைத்ததுபோல நின்றது.

"அவிச்சுட்டேன்டி," என்றாள் மெதுவாக. "ஆட்டை அவிச்சுட்டேன்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இருவரும் நின்றார்கள். பெரியக்காதான் முதலில் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. அது எந்தக் கண்ணீர் என்று சின்னவள் கேட்கவில்லை.

"இந்தா, உனக்கு வேணா சரியா இருக்கும். போட்டுப் பாரு."

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். விளையாட்டுக்குத்தான் சின்னவளும் துணி அலமாரிக்குப் பின்னால் போய்ப் போட்டாள். ஆனால் போட்டதும் அவள் தன்னையே குனிந்து பார்த்தாள். அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. இரண்டு போர்வையும் காலுறையும் இல்லாமல் தூங்காதவள் அவள். "என் பொண்டாட்டி ஃபிரிட்ஜைத் திறக்கறதுக்கே ஸ்வெட்டர் போடுவா," என்று கணவர் ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். அப்படிப்பட்டவளுக்கு, யாரோ பின்னாலிருந்து வந்து அன்பாகக் கட்டிக்கொண்டதுபோல இருந்தது. கடவுள் மனிதருக்குத் தோலை ஒரே சுற்றுத்தான் கொடுத்தார், இது அவர் மறந்துபோன இரண்டாவது சுற்று என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே ரொட்டிக்கடையிலிருந்து ஆள் வந்தது. அந்த அம்மா வாசல் பனியில் சறுக்கி முழங்காலைப் பெயர்த்துக்கொண்டாளாம். மலைக்கு வர முடியாதாம்.

துணி போயிற்று, ஜோடியும் போயிற்று. பெரியக்கா சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, "சரி. ஆண்டவன் சித்தம் அதுன்னா அப்படியே ஆகட்டும்," என்றாள். அவள் சொன்ன தினுசைப் பார்த்தால் ஆண்டவனே மனசு மாறிவிடுவார் போல இருந்தது.

சின்னவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். முதுகைத் திருப்பாமலே, "நான் வர்றேன்," என்றாள்.

"எங்கே?"

"ஜோடியா."

கணவர் செய்தித்தாளை இறக்கினார். "யாரு, நீயா? மலைக்கா? அண்ணி, இவளைக் கூட்டிட்டுப் போனா அடுப்பையும் சேத்துத் தூக்கிட்டுப் போகணும்."

"உங்களை யாரு கேட்டா? அக்கா, நாளைக்குக் கடைக்குப் போய் உனக்கு அந்தப் பாலியெஸ்டரை எடு. நாறினா நாறட்டும். உன் பக்கத்துல உக்காரப்போறது நான்தானே."

பெரியக்கா எழுந்து வந்து, சோப்பு நுரையோடு இருந்த தங்கையை அப்படியே தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். பாத்திரம் ஒன்று உருண்டு போயிற்று. யாரும் அதை எடுக்கவில்லை.

கடைக்காரப் பெண் நடந்ததைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "அந்தத் துண்டுல எழுதியிருந்துச்சேம்மா, பச்சைத் தண்ணியில கையால அலசணும்னு!"

"குத்துச்சும்மா, வெட்டிட்டேன்," என்றாள் பெரியக்கா, பள்ளிக்கூடப் பிள்ளைபோல.

போகும் நாள் வந்தது. விடிந்தும் விடியாததுமாக அடிவாரத்தில் எல்லாரும் கூடினார்கள். மூச்சு விட்டால் புகை வந்தது. வாத்தியார், "கிளம்பும்போது கொஞ்சம் குளிரணும். கோட்டைக் கழட்டிப் பையில வைங்க," என்றார். பெரியக்கா சொன்னபடி செய்தாள். கழுத்து ஜிப்பையும் திறந்துவிட்டாள். புதுப் பாலியெஸ்டர் அவள் உடம்பில் பளபளத்தது. சின்னவளுக்குக் கோட்டைக் கழற்ற மனசு வரவில்லை. எப்போதும் குளிருகிற ஜன்மம். முதல் காற்று முகத்தில் அடித்ததுமே கழுத்து வரைக்கும் பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.

"கழட்டுடி."

"போகப்போகக் கழட்டறேன்."

ஏறினார்கள். பனி காலடியில் நறநறவென்று முனகிற்று. பெரியக்கா வாய் ஓயாமல் பேசினாள்: இந்த மரத்தைப் பார், அந்தப் பாறையைப் பார், நம்ம ஆஸ்பத்திரிப் புகைக்குழாயைப் பார், தீக்குச்சி மாதிரி இருக்கு! சின்னவள் பதில் சொல்லவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு அக்காவின் காலடித் தடத்திலேயே காலை வைத்து ஏறினாள். முதுகில் என்னவோ ஊர்ந்தது. வேர்வை. கோட்டைக் கழற்றலாம் என்றால் எல்லாரும் நிற்க வேண்டும். அக்காவின் உற்சாகம் நிற்க வேண்டும். கழற்றவில்லை.

தகரக் கொட்டகை வந்தது. எல்லாரும் உட்கார்ந்தார்கள். வாத்தியார் வரிசையாக வந்தார். பெரியக்காவின் பிடரியில் புறங்கையை வைத்தார். பெரியக்கா கண்ணை மூடிக்கொண்டாள். போன வருஷம் இதே பலகையில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"காஞ்சிருக்கு. நீங்க போகலாம்."

அவள் விட்ட பெருமூச்சில் கொட்டகையே சூடாகியிருக்கும். வாத்தியார் அடுத்ததாகச் சின்னவளிடம் வந்தார். கையை வைத்தார். எடுக்கவில்லை.

"இவங்க நனைஞ்சிருக்காங்களே."

சின்னவளுக்கு வாத்தியாரின் விதி நினைவுக்கு வந்தது. ஒருவர் திரும்பினால் மற்றவரும் திரும்ப வேண்டும். அக்காவின் மலையை, அக்காவின் கடைசிக் குளிர்காலத்தை, ஒரு பொத்தானைக் கழற்றாமல் கெடுத்துவிட்டோமே! அவள் பெரியக்காவைப் பார்க்கத் துணியவில்லை. ஆண்டவனே, ஆண்டவனே என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டாள். வேறு வார்த்தை வரவில்லை.

"கோட்டைக் கழட்டுங்க, ஸ்வெட்டரையும் கழட்டுங்க," என்றார் வாத்தியார். "அப்படியே கொஞ்சம் உக்காருங்க. நடுங்கினீங்கன்னா ரெண்டு பேரும் இறங்கிடணும். எனக்கு உச்சியைவிட உங்க உசுரு முக்கியம்."

கழற்றினாள். காற்று கொட்டகைக்குள் புகுந்து எல்லார் தொப்பியையும் ஆட்டிற்று. சுருங்கிய அந்த ஆட்டுச் சட்டையோடு சின்னவள் பலகையில் உட்கார்ந்தாள். பெரியக்கா எதிரில் குந்திக்கொண்டு தங்கையின் வாயையே பார்த்தாள், பல் எப்போது தந்தியடிக்குமோ என்று. யாரோ டீ கொடுத்தார்கள். சின்னவள் டம்ளரை வாங்கினாள். கை ஆடவில்லை. ஒரு வாய் குடித்தாள். இன்னும் ஒரு வாய்.

"குளிருதாடி?" என்றாள் பெரியக்கா கிசுகிசுப்பாக.

சின்னவள் உடம்பை உள்ளுக்குள் தேடிப் பார்த்தாள். ஈரம் இருந்தது. ஆனால் குளிர் எங்கே? "ஈரமா இருக்கு. குளிரலைக்கா. நிஜமாவே குளிரலை!"

வாத்தியார் திரும்பி வந்து விரல்களைத் தொட்டுப் பார்த்தார், உதட்டைப் பார்த்தார், சட்டையைக் கிள்ளிப் பார்த்தார். "பருத்தியா இருந்தா இந்நேரம் உங்களைத் தூக்கிட்டுத்தான் போகணும். கம்பளிங்கறதால தப்பிச்சீங்க. ஆனா இவ்வளவு கெட்டியா எங்க வாங்கினீங்க? நான் பாத்ததே இல்லையே?"

"வாங்கலைங்க," என்றாள் பெரியக்கா. "நான் அவிச்சேன்."

வாத்தியாருக்கு ஒன்றும் புரியவில்லை. "சரி, எதையோ பண்ணியிருக்கீங்க. கோட்டைப் பையில வைங்க. இனிமே நான் சொன்னாத்தான் போடணும். கிளம்புங்க!"

பெரியக்கா போட்ட கூச்சலில் கொட்டகைக் கூரையிலிருந்து ஒரு பொதி பனி சரிந்து விழுந்தது.

கொட்டகையைத் தாண்டியதும் சின்னவள் முன்னால் போனாள், பெரியக்கா பின்னால். அந்த ஏற்றம் அதுவரை ஏறியதைவிடச் செங்குத்து. ஆனால் இப்போது சின்னவளும் பேசினாள். இருவரும் சேர்ந்து பேசினார்கள். பின்னால் வந்தவர்கள், "கொஞ்சம் மூச்சு விடுங்கம்மா, உங்களுக்காக இல்லாட்டாலும் எங்களுக்காக," என்று கேட்டுக்கொண்டார்கள்.

உச்சியில் ஒன்றுமில்லை. ஒரு கல் குவியல், காற்று, நாலு பக்கமும் வெள்ளை. ஊரிலிருந்து பார்த்தால் இந்த மலையோடு உலகம் முடிந்ததுபோல இருக்கும். இங்கே வந்து பார்த்தால் இதற்குப் பின்னால் இன்னொரு மலை, அதற்குப் பின்னால் இன்னொன்று. வெயில் பட்டு அத்தனையும் தகதகத்தன.

"ஐயோ, இன்னும் இருக்குடி!" என்று பெரியக்கா கத்தினாள். "பின்னால ஆண்டவன் இத்தனை வெச்சிருக்கார், நமக்குத் தெரியவே தெரியாது!"

கையுறையைக் கழற்றிக் கும்பிட்டாள். கொஞ்ச நேரம் அவள் வாய் சும்மா இருந்தது. இந்த முறை சின்னவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்று தானும் கும்பிட்டாள். பெரியக்காவின் பாலியெஸ்டரிலிருந்து வாடை வரத் தொடங்கியிருந்தது. வந்தால் வரட்டும் என்று அவள் தோளில் சாய்ந்துகொண்டாள்.

பனி உருகிக் குழாய்களில் தண்ணீர் ஓடத் தொடங்கியபோது பெரியக்கா மகள் ஊருக்குக் கிளம்பினாள். சலவைக்கூடத்தார் மாலை போட்டு அனுப்பினார்கள். சின்னவளின் கணவர் பெட்டிகளை ரயிலில் ஏற்றினார். வழி நெடுகச் சின்னவள் ஒரு செய்தியை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். ரயில் கிளம்புகிற நேரத்தில்தான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். இன்னொரு மலைக்கும் வர்றீங்களா என்று வாத்தியார் கேட்டாராம். அடுத்த குளிர்காலத்தில் அந்தப் பின்னால் இருக்கிற மலைக்குக் குழு போகிறதாம். சின்னவள் பேர் கொடுத்துவிட்டாளாம். ஜோடிக்கு ரொட்டிக்கடை அம்மாவாம்; அவள் முழங்கால் அதற்குள் சரியாகிவிடுமாம்.

பெரியக்கா ஜன்னல் வழியாக இரண்டு கையையும் நீட்டித் தங்கையின் கன்னத்தைப் பிடித்தாள். கண் நிறைந்துவிட்டது. ரயில் அசைந்தது. சின்னவள் கூடவே நடந்தாள். பெரியக்கா தலையை வெளியே நீட்டி, நடைமேடை முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்:

"அடியே, அதுக்குள்ள ஒரு சுத்துப் பெருத்துடாதே! அந்தச் சட்டை இனிமே விரியாது!"